குட்டை ஹோஸ் ஏன் முனகுகிறது?

எஞ்சின் மாற்றிய பழைய ஹோண்டா சிவிக் கார்களில் ஒரு முனகலைக் கேட்டிருப்பீர்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திருப்பி இரண்டு கார்களுக்கு நடுவே நுழைக்கும்போதுதான் ஆரம்பிக்கும். தாழ்ந்த சுருதியில் ஒரு நீளமான 'ம்ம்ம்'. ஸ்டீரிங்கைத் திருப்பினால் கூடும், விட்டால் அடங்கும். பிடித்திருக்கும் உள்ளங்கையிலும் அதிர்வு லேசாக ஏறும். எண்ணெய் குறையவில்லை, கசிவு இல்லை, ஸ்டீரிங் இலகுவாகத்தான் சுற்றுகிறது. போமன், அதாவது மெக்கானிக், பம்பைச் சந்தேகப்படுவார். "பழைய சாமான்தானே தம்பி, தேஞ்சிருக்கும்" என்று வேறொரு பம்பை மாட்டுவார். காசு போகும், முனகல் போகாது.

பல நேரங்களில் குற்றவாளி பம்ப் அல்ல. பம்புக்கும் ஸ்டீரிங் ரேக்குக்கும் நடுவே புதிதாகப் போட்ட ஹோஸ்தான். அதுவும் மட்டமான ஹோஸ் இல்லை. பளபளவென்று எஃகு வலை போர்த்திய, விலை கூடிய ஹோஸ். பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, ஹோஸ் அதைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காத மர்மம். ஹோஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று தெரிந்தால் மர்மம் தீரும்.

எஞ்சின் மாற்றினால் ஹோஸை ஏன் தொட வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். மலேசியாவில் எஞ்சின் மாற்றுவது பணக்காரர் விளையாட்டாக இருந்ததே இல்லை. 1985 ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த புரோட்டோன் சாகாவுக்குள் இருந்தது மிட்சுபிஷி எஞ்சின். ஜப்பானில் ஓடிய வலுவான மிட்சுபிஷி எஞ்சின்களை அதில் உட்காரவைக்கலாம் என்று பட்டறைக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பிறகு புரோட்டோன் வீரா வந்தது, வழக்கம் பரவியது. முழுப் பழைய காரை நாட்டுக்குள் இறக்க ஏபி எனப்படும் உரிமம் வேண்டும். அதே காரை டாஷ்போர்டுக்குப் பின்னால் அறுத்துவிட்டால் அது கார் இல்லை, உதிரிப்பாகம். ஹாஃப்கட் பிறந்த கதை இதுதான். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மூட்டையாக, ஒரே விலைக்கு வரும். 2009இல் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்த அரசாங்கம், 2011 ஜூன் முதல் பழைய உதிரிப்பாக இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வியாபாரிகள் கொதித்தார்கள், தடை நடைமுறைக்கு வரவில்லை. ஜோகூரில் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் தொழிற்பேட்டைகளில் இன்றும் கார்களின் முன்பாதிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். 1986இல் திறந்த பாசிர் கூடாங் பந்தயத் தடமும் பக்கத்திலேயே இருந்ததால், வேகத்தின் ருசி இந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பழகிப்போன ஒன்று.

இனி சிவிக்குக்கு வருவோம். 1990களில் வந்த ஈஜி, ஈகே சிவிக்குகளில் இருந்த டி வரிசை, பி வரிசை எஞ்சின்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பெல்ட் இருக்கும் பக்கம் நின்று பார்த்தால் அவை இடஞ்சுழியாகச் சுற்றும். உலகத்துப் பெரும்பாலான கார் எஞ்சின்கள் வலஞ்சுழி. 2001இல் வந்த டிசி5 இன்டெக்ரா டைப் ஆரின் கே20ஏ எஞ்சினும் வலஞ்சுழிதான். பழைய எஞ்சினின் பெல்ட் பக்கம் காரின் இடப்புறம் இருந்தது. வலஞ்சுழி எஞ்சினை அதே போக்கில் வைத்தால் காருக்கு ஆறு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். ஆகவே கே20ஏ எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் உட்காரும். கியர்பாக்ஸ் இடப்புறம், பெல்ட் வலப்புறம். பெல்ட் எங்கேயோ பம்பும் அங்கே. இடப்புறம் இருந்த பவர் ஸ்டீரிங் பம்ப் ஒரே நாளில் வலப்புறம் குடியேறிவிடுகிறது.

நம் ஊரில் டிரைவர் உட்காருவதும் வலப்புறம். ஸ்டீரிங் தண்டு இறங்கி ரேக்கைத் தொடும் இடமும் வலப்புறம். அப்படியென்றால் தூரம் குறைந்துவிட்டதே, நல்லதுதானே என்று தோன்றும். பழைய ஹோஸின் இரும்புக் குழாய்ப் பகுதி பழைய பாதைக்கென்று வளைக்கப்பட்டது, புதிய இடத்துக்கு அது வளைந்து கொடுக்காது. அதை ஒதுக்கிவிட்டுப் பம்பிலிருந்து ரேக்குக்கு ஒரு குட்டை ஹோஸைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். முனகல் அங்கேதான் தொடங்குகிறது.

ஹைட்ராலிக் ஸ்டீரிங்கின் அடிப்படை பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். அடைபட்ட திரவத்தின் மேல் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அந்த அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை. ரேக்குக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் சிலிண்டர் 40 மி.மீ., நடுவில் ஓடும் தண்டு 23 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், எண்ணெய் தள்ளக் கிடைக்கும் பரப்பு எட்டரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 70 பார் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட 600 கிலோ எடை தரும் தள்ளுவிசை. உள்ளங்கையில் பத்தில் ஒரு பங்கு அளவுப் பரப்பிலிருந்து இத்தனை பலம். நின்ற காரின் டயரைத் தார்ச்சாலையில் தேய்த்துத் திருப்ப இந்த அளவு வேண்டியிருக்கிறது.

எண்ணெய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது ரேக்கின் தலையில் இருக்கும் சுழல் வால்வு. ஸ்டீரிங் தண்டின் நுனியில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. நீங்கள் வீலைத் திருப்பும்போது டயர் எதிர்த்தால் அந்தக் கம்பி சில பாகை முறுக்கிக்கொள்ளும். அந்தச் சிறு முறுக்கிலேயே வால்வின் துளைகள் ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும். நேராக ஓடும்போது முறுக்கு இல்லை, எண்ணெய் இரு பக்கமும் சும்மா சுற்றி வந்து தொட்டிக்குத் திரும்பும், அழுத்தமும் மிகக் குறைவு. நெடுஞ்சாலையில் முனகல் கேட்காததற்குக் காரணம் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் மூலவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பியர்ஸ் ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவில் இருந்தவர். 1926இலேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கார் நிறுவனங்கள் அசையவில்லை. இரண்டாம் உலகப் போரில் கனத்த இராணுவ வண்டிகளுக்குப் பயன்பட்ட பிறகுதான் மவுசு வந்தது. 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் கடைக்கு வந்தது.

பம்புக்குள் எட்டிப் பார்ப்போம். ஒரு சுழலியில் பெரும்பாலும் பத்துத் தகடுகள். அவை வெளியே நழுவி, நீள்வட்டமான ஒரு வளையத்தின் சுவரைத் தேய்த்துக்கொண்டே ஓடும். இரு தகடுகளுக்கு நடுவே அகப்படும் எண்ணெய் பிழியப்பட்டு வெளியேறும். அது ஆற்று நீரோட்டம் மாதிரி ஒரே சீராக வராது. ஒவ்வொரு தகடும் ஒரு சிறு துடிப்பை அனுப்பும். எஞ்சின் ஐடிலில் பம்ப் நிமிடத்துக்கு 900 சுற்றுகள் என்றால் விநாடிக்கு 15 சுற்று, பத்துத் தகடுகளுக்கு 150 துடிப்புகள். 150 ஹெர்ட்ஸ் என்பது ஆண்களின் பேச்சுக் குரலின் சுருதி எல்லைக்குள் வரும். காரின் முனகல் மனிதக் குரல் மாதிரியே கேட்பதற்கு விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பார்க்கிங்கில் அழுத்தம் ஏற ஏற ஒவ்வொரு துடிப்பும் பலமாகும். அது எண்ணெய் வழியே ரேக்குக்குப் போய், அங்கிருந்து காரின் உடம்புக்குப் பரவி, உங்கள் காதுக்கு வரும்.

இதைத் தடுக்கத்தான் கார் செய்பவர்கள் ஹோஸை வளர்த்தெடுத்தார்கள். அசல் ஹோஸ் வேண்டுமென்றே விரியும் தன்மை கொண்டது. உள்ளே எண்ணெய் தாங்கும் ரப்பர், அதன்மேல் நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல் பின்னல், வெளியே மற்றொரு ரப்பர். நூல் கொஞ்சம் நீளும், எஃகுக் கம்பி நீளாது. துடிப்பு வந்து மோதும்போது ஹோஸ் மயிரிழை அளவு பருத்து எண்ணெயை உள்வாங்கி, துடிப்பு தாழும்போது இளைத்துத் திருப்பித் தரும். நம் தமனிகளும் இதயத் துடிப்பை இப்படித்தான் தணிக்கின்றன. அதிகம் விரியும் ஸ்டீரிங் ஹோஸ் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எஸ்ஏஇ ஜே188 என்ற தனித்தரமே இருக்கிறது. விரிவதைக் குறையென்று எண்ணாமல் கட்டாயத் தகுதியாக வைத்த தரம் அது.

அதோடு முடியவில்லை. பல அசல் ஹோஸ்களை அறுத்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு குழாய் இருக்கும். உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய, விரல் பருமனுக்கும் குறைந்த ஒரு நெளிகுழாய். ஹோஸின் ஒரு முனையில் பிடித்திருக்கும், மறுமுனை எண்ணெயில் சும்மா மிதக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ உடைந்து உள்ளே விழுந்துவிட்டது என்று பிடுங்கி எறிவார்கள். துடிப்பைத் துடிப்பாலேயே அடிப்பது அதன் வேலை. உள் குழாய் வழியாகப் போகும் அலையும் வெளியே ரப்பரை ஒட்டிப் போகும் அலையும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இதற்கு நீளம் பொருந்த வேண்டும், தோராயமாக அலைநீளத்தில் கால்பங்கு.

கணக்கின் அழகு இங்கேதான். கெட்டியான எஃகுக் குழாய்க்குள் எண்ணெயில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் ஓடும். 150 ஹெர்ட்ஸுக்கு அலைநீளத்தின் கால்பங்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். அத்தனை நீளக் குழாயைச் சிவிக்கின் பானெட்டுக்குள் எங்கே சுருட்டி வைப்பது? ரப்பர் ஹோஸ் பருத்து இளைப்பதால் அதற்குள் அலை சோம்பேறியாகிவிடும். வேகம் விநாடிக்குச் சில நூறு மீட்டராகக் குறையும். நானூறு மீட்டர் என்று கொண்டால் கால்பங்கு அறுபத்தேழு சென்டிமீட்டர். இது பானெட்டுக்குள் அடங்கும். மீள்தன்மையுள்ள குழாயில் அலை மெதுவாகும் என்பதை 1878இல் நெதர்லாந்துக்காரர்களான மோன்ஸ், கோர்த்தெவெக் இருவரும் சமன்பாடாக எழுதினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது இரத்தக் குழாய். மருத்துவர்கள் தமனியின் விறைப்பை இன்றும் அந்தச் சமன்பாட்டை வைத்தே கணிக்கிறார்கள்.

இப்போது குட்டை ஹோஸை எடுத்துப் பாருங்கள். டெஃப்லான் குழாய், மேலே எஃகு வலை. பந்தயக் காருக்கு அருமையான பொருள். வெப்பம் தாங்கும், வெடிக்காது. பருக்காது என்பதுதான் சங்கடம். நீளமும் பாதியாகிவிட்டது. உள்ளே சுருள் குழாய் இல்லை. பம்பின் துடிப்பு அப்படியே ரேக்கில் போய் அறைகிறது. பம்ப் எத்தனை புதிதாக இருந்தாலும் முனகத்தான் செய்யும்.

கண்காட்சிக்கு நிற்கும் காருக்கு வேண்டுமானால் எஃகு வலை இருக்கட்டும். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு நூல் பின்னல் ரப்பர் ஹோஸ்தான் என் தேர்வு. ஹோஸைக் குட்டையாக்கி நேராக இழுக்காமல், இடம் இருக்குமளவு சுற்றிக் கொண்டுவர வேண்டும். முனகல் முழுதாக ஒழியாவிட்டாலும் காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

ரப்பர் என்றதும் ஜோகூர்க்காரர்களுக்கு ஒரு முறுவல் வரலாம். சிகாமாட், குளுவாங், கூலாய் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய மண் இது. அந்த ரப்பரால் ஸ்டீரிங் எண்ணெயைப் பிடித்து வைக்க முடியாது. இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஹைட்ரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். எண்ணெயைக் குடித்து ரப்பர் ஊதி, மிருதுவாகி, பலமிழந்துவிடும். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பரின் மூலக்கூறில் மின்முனைப்புள்ள தொகுதிகள் உண்டு. மின்முனைப்பற்ற எண்ணெய் அதற்குள் நுழையத் தயங்கும். பவர் ஸ்டீரிங் ஹோஸின் உட்சுவர் இந்த நைட்ரைல் அல்லது அதன் உறவுக்கார ரப்பர்கள்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. ரேக்கிலிருந்து தொட்டிக்கு எண்ணெய் திரும்பிப் போகும் ஹோஸில் அழுத்தம் குறைவு. அதனால் "இது போதும்ணே" என்று கையில் கிடைத்த ஹீட்டர் ஹோஸை வெட்டிக் கிளிப் போட்டுவிடுவார்கள். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். கொதிநீருக்கு அது தங்கம், எண்ணெய்க்கு அது எதிரி. சில வாரங்களில் ஊதி, கிளிப்பின் பிடியிலிருந்து நழுவும். திரும்பும் பாதைதானே என்று அலட்சியம் செய்தால் தொட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் அந்த வழியே கொட்டிப்போகும்.

ஹோஸின் நடுப்பகுதி கதை இது. முனைகளின் கதை வேறு, அதில்தான் பட்டறைக்காரரின் பொறுமை சோதிக்கப்படும். ஹோண்டா பம்பின் வாயில் இரண்டு போல்ட் பிடிக்கும் தட்டும் ஓ-ரிங்கும் இருக்கும். வேறு பல ஜப்பானியப் பம்புகளில் பேஞ்சோ போல்ட். இரு பக்கமும் செப்பு வாஷர். ரேக்கின் பக்கம் விளிம்பு விரித்த குழாயும் நட்டும். எஞ்சின் ஒரு காரிலிருந்தும் ரேக் இன்னொரு காரிலிருந்தும் வந்தால் ஹோஸின் தலை ஒரு சாதி, வால் இன்னொரு சாதி.

இங்கே நடக்கும் விபத்துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 16 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரி இடைவெளியும் கொண்ட மெட்ரிக் நட்டு ஒன்று; அங்குலத்துக்குப் பதினெட்டுப் புரி கொண்ட எட்டில் ஐந்து அங்குல அமெரிக்க நட்டு இன்னொன்று. எட்டில் ஐந்து அங்குலம் என்றால் 15.875 மி.மீ.; புரி இடைவெளி 1.41. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஒன்றுக்கான வாயில் மற்றது இரண்டு மூன்று புரி கையால் ஏறும். அப்புறம் இறுகும். சரியாகப் பிடித்துவிட்டது என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் புரி சிதைந்து, ரேக்கின் வாயே கெட்டுவிடும். ஹோஸ் விலை மிச்சம் பிடிக்கப்போய் ரேக் வாங்க வேண்டிவரும். புரி அளக்கும் சீப்பு மாதிரியான ஒரு சிறு கருவி கடையில் கிடைக்கும். அதை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கோணமும் அப்படித்தான். இணையத்தில் வாங்கும் நீலம், சிவப்பு நிற ஏஎன் முனைகள் 37 பாகைக் கூம்பு. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்காக வகுத்த தரம் அது. குளிர்சாதனக் குழாய்களில் பார்க்கும் கூம்பு 45 பாகை. இரண்டையும் பிணைத்தால் முழுப் பரப்பும் உட்காராமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். 5 பாரில் கசியாது, 70 பாரில் கசியும். உடனே வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள். இந்த இணைப்புகளில் எண்ணெயைத் தடுப்பது புரி இல்லை, கூம்பும் ஓ-ரிங்கும் வாஷரும்தான். டேப் சுற்றி ஒரு பயனும் இல்லை. அதன் துணுக்கு உள்ளே போய், தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகிய இடைவெளியில் இயங்கும் சுழல் வால்வில் மாட்டினால் ஸ்டீரிங் ஒரு பக்கம் தானாக இழுக்கத் தொடங்கும்.

அடாப்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைவிடச் சிறந்த வழி ஒன்று ஜோகூரில் எளிது. எண்ணெய்ப்பனை ஆலைகளும் மண்தோண்டும் இயந்திரங்களும் துறைமுகமும் உள்ள மாநிலம் இது. எக்ஸ்கவேட்டரின் ஹோஸ் வெடித்தால் வேலை நின்றுவிடும் என்பதால் ஹைட்ராலிக் ஹோஸ் கடைகள் தொழிற்பேட்டைகளில் உண்டு. காத்திருக்கும்போதே அழுத்திக் கொடுப்பார்கள். அங்கே இரண்டு பழைய ஹோஸ்களையும் கொண்டுபோங்கள். ஹாஃப்கட்டோடு வந்த ஹோஸிலிருந்து பம்ப் பக்க முனை, உங்கள் காரின் பழைய ஹோஸிலிருந்து ரேக் பக்க முனை. பழைய உறையை அறுத்தெடுத்து, இரும்பு முனைகளைச் சுத்தம் செய்து, நடுவில் புது ஹோஸ் வைத்துப் புது உறையால் இயந்திரத்தில் அழுத்தினால் முடிந்தது. இரண்டு பக்கமும் தொழிற்சாலை செய்த முனை. பொருந்துமா என்ற கேள்வியே இல்லை. அங்கே ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்ல வேண்டும், இது பவர் ஸ்டீரிங்குக்கு என்று. சொல்லாவிட்டால் எக்ஸ்கவேட்டருக்குப் போடும் இரண்டடுக்கு எஃகுக் கம்பி ஹோஸை எடுத்துக் கொடுப்பார்கள். அது ஸ்டீரிங் கேட்பதைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும், மரக்கட்டை மாதிரி விறைத்தும் நிற்கும். மீண்டும் முனகல்.

எந்த ஹோஸானாலும் பிடிவாதமாக வளைக்கக் கூடாது. எட்டில் மூன்று அங்குலக் கம்பி ஹோஸுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 127 மி.மீ. அதைவிட இறுக்கி வளைத்தால் உட்சுவர் மடிந்து, அந்த இடத்திலேயே ஒருநாள் பிளக்கும். நேராக விறைப்பாகவும் இழுத்துக் கட்டக் கூடாது. அழுத்தம் ஏறும்போது இந்த வகை ஹோஸ்கள் 4 விழுக்காடு வரை சுருங்கலாம், 2 விழுக்காடு வரை நீளலாம் என்று தரநூல் அனுமதிக்கிறது. எழுபது சென்டிமீட்டர் ஹோஸில் அது மூன்று சென்டிமீட்டர்வரை. எஞ்சினும் மவுண்ட் மேல் ஆடுகிறது. தளர்வு இல்லையென்றால் இழுபடுவது முனைதான்.

வெப்பத்துக்கு வருகிறேன். கே20ஏ மாற்றத்தில் இது தலையாய விஷயம் என்பேன். பழைய பி வரிசையில் புகைப்போக்கி எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருந்தது. கே20ஏ-வில் அது பின்பக்கம். அதாவது டிரைவர் காலடியில் இருக்கும் தடுப்புச் சுவருக்கும் ரேக்குக்கும் பக்கத்தில். ஹோஸ் போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே. ஸ்டீரிங்கில் ஊற்றும் எண்ணெய் சுமார் 200 பாகை செல்சியஸில் தீப்பற்றக்கூடிய ஆவியைக் கக்கும். ஏற்றத்தில் மிதித்து ஓட்டிய எஞ்சினின் புகைப்போக்கி இதைவிட இரண்டு மடங்கு சூட்டில் இருக்கும். ஊசித்துளை போன்ற பிளவிலிருந்து 70 பாரில் பீய்ச்சும் எண்ணெய் பனித்துளி மாதிரி சிதறி அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஹோஸைப் புகைப்போக்கியிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது, தள்ள முடியாத இடத்தில் தகரத் தடுப்பு வைப்பது, அதன்மேல் வெப்பம் தாங்கும் உறை போடுவது, இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எண்ணெய் தன்னாலும் சூடேறும். ஸ்டீரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டே நின்றால் எண்ணெய்க்குப் போக வழியில்லை. பம்பின் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெய் அங்கேயே சுற்றும். 80 பார், நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்றால் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சக்தி வெறும் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரே நிமிடத்தில் 35 பாகை ஏறப் போதுமானது. பல கார்களில் திரும்பும் பாதையில் ஒரு வளைந்த இரும்புக் குழாய் காற்றுப்படும் இடத்தில் ஓடும். அது எண்ணெயைக் குளிரவைக்கும் பாகம். இடம் போதவில்லை என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான்.

இத்தனை தொல்லை எதற்கு, பவர் ஸ்டீரிங்கே வேண்டாம் என்று துண்டித்துவிடுபவர்களும் உண்டு. பந்தயத் தடத்துக்குச் சரி. ஆனால் பவர் ரேக் குறைந்த சுற்றில் அதிகம் திரும்பும்படி பல்லமைக்கப்பட்டது. உதவியைப் பிடுங்கிவிட்டால், முதலிலிருந்தே பவர் இல்லாமல் செய்த பழைய ரேக்கைவிட அது கனக்கும். சனிக்கிழமை மாலை ஜோகூர் பாருவில் நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று வந்தால் தோள்பட்டை சொல்லும். மின்சார மோட்டாரால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் இன்னொரு வழி; எஞ்சின் நடுவிலும் ரேக் முன்னாலும் உள்ள டொயோட்டா எம்ஆர்2வில் அப்படி ஒன்று இருந்தது. பெல்ட் பிரச்சினை ஒழியும், பதிலுக்குப் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பெரும் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். புதிய கார்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 1988இல் சுசுகி செர்வோவில் தொடங்கிய மின்சார ஸ்டீரிங், 2005இல் வந்த பெரோடுவா மைவியோடு நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. எஃப்டி2 சிவிக் டைப் ஆரின் ஸ்டீரிங் மின்சாரம். அதன் கே20ஏ எஞ்சினில் ஹைட்ராலிக் பம்ப் இராது. அந்த ஹாஃப்கட்டை வாங்கி ஈகேயில் போடுபவர் பம்பையும் அதன் பிடிமானத்தையும் டிசி5இலிருந்து தனியே தேட வேண்டும்.

காகித வேலையை மறக்க வேண்டாம். எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. கிரான்டில், அதாவது வாகனப் பதிவுச் சான்றில், புதிய எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் ஏற வேண்டும். பி வரிசையின் 1,595 சிசி பி16ஏ-வுக்குத் தீபகற்பத்தில் சாலை வரி 90 வெள்ளி. 1,998 சிசி கே20ஏ-வுக்கு 379 வெள்ளி. பதிவு செய்யாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் காப்புறுதிக்காரரிடம் பேச வாயிராது.

ஹாஃப்கட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் எஞ்சினைப் பிரித்தெடுக்கும்போது பவர் ஸ்டீரிங் ஹோஸை ஒரே வெட்டாக வெட்டிவிடுவது வழக்கம். அவர்களுக்கு அது நட்டுக் கழற்றும் நேரம் மிச்சம். முன்பணம் கொடுக்கும்போதே, வெட்டாமல் இரு முனைகளோடும் கழற்றித் தரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தொட்டியையும், திரும்பும் பாதையின் இரும்புக் குழாயையும் கேட்டு வாங்குங்கள். தனியாகத் தேடினால் கிடைக்காத சாமான்கள் அவை.